எட்டிலொன்று பெரிதா, பன்னிரண்டிலொன்று பெரிதா?

எனக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பின்னக் கணக்கு எனக்கு விளங்கியது முப்பத்தெட்டாவது வயதில். இதைச் சொல்ல முன்பு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. என்னைப்போல இடையில் படிப்பை விட்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மண்டைதீவில். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்தால் முதலில் வருகிற தீவு எங்களுடையது. 1990 இல் நான் ஆண்டு ஏழு. அந்தத் தவணையில் எங்கள் கணக்கு ரீச்சர் பின்னம் கூட்டல் தொடங்கியிருந்தார். கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி விடை கேட்டார். நான்தான் முதலில் கையை உயர்த்தினேன். மேலே உள்ளதைக் கூட்டினால் இரண்டு, கீழே உள்ளதைக் கூட்டினால் ஐந்து. "ஐந்தில் இரண்டு, ரீச்சர்" என்றேன். ரீச்சர் சிரித்தார். "பிள்ளை, அரைவாசி பாணோட இன்னும் கொஞ்சப் பாண் தந்தால் அரைவாசியிலும் பார்க்கக் குறையுமோ? நாளைக்கு யோசிச்சுக்கொண்டு வா" என்றார். அந்த நாளையும் அதற்கடுத்த சில நாட்களும் பாடம் நடக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடமே நடக்கவில்லை.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பி வரவில்லை. என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தார். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, எங்களோடு வந்தார். அவர் கலியாணம் முடிக்கவில்லை. அம்மாவும் சின்னம்மாவும் கூலி வேலைக்குப் போக, தம்பியைப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நான். என் படிப்பு அப்படித்தான் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் நாவற்குழிப் பக்கம் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்களும் நடந்தோம். அடுத்த வருடத் தொடக்கத்தில் சாவகச்சேரியில் சின்னம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா அவருடைய இறப்புச் சான்றிதழை மடித்துத் தன் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தார். ஏன் வைக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

பிறகு நான் கலியாணம் முடித்தேன். மகள் பிறந்தாள். 2007 இல் வெளியே போன என் கணவர் வீடு திரும்பவில்லை. 2010 இல் அம்மாவோடும் மகளோடும் ஊருக்கு வந்து, பாதி இடிந்த வீட்டில் தகரம் போட்டு இருந்தோம். தம்பி கனடா போய்விட்டான். நலன்புரி நிறுவனம் ஒன்று தந்த தையல் மெசினில் பள்ளிக்கூட உடுப்புத் தைத்தேன். அம்மா 2012 இல் கண்ணை மூடினார்.

மகள் தரம் ஏழுக்கு வந்தது 2016 இல். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் இரவு என்னைக் கேட்டாள்: "அம்மா, இதுகளைச் சின்னனிலயிருந்து பெரிசுக்கு எழுதட்டாம். 1/8, 1/4, 1/12."

நான் தையலை நிறுத்தாமலே சொன்னேன்: "நாலு, எட்டு, பன்னிரண்டு."

"இல்லை அம்மா. அப்ப எட்டுப் பேருக்கு வெட்டின கேக் துண்டு பெரிசோ, பன்னிரண்டு பேருக்கு வெட்டின துண்டு பெரிசோ?"

நான் தையலை நிறுத்திவிட்டேன். ஆண்டு ஏழில் ரீச்சர் கேட்ட பாண் கேள்வியும் இதே கேள்விதான். இருபத்தாறு வருடமாக அதற்கு விடை யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

உண்மையில் எனக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. கழுத்து வளைவு வெட்டும்போது அரைக்கால் அங்குலம் விட்டு வெட்டுகிறேன். கால் அங்குலத்திலும் அரைக்கால் அங்குலம் சிறிது என்பது என் கத்தரிக்குத் தெரியும். அரிசி அளக்கும்போது நாலு சுண்டு ஒரு கொத்து என்று அம்மா சொல்லித்தந்தார். அப்படியென்றால் ஒரு சுண்டு கால் கொத்து. கைக்குத் தெரிந்தது தாளில் எழுதினால் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பழைய தமிழில் அரைக்காலுக்குக் கீழேயும் பெயர்கள் இருந்தன. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவற்றை எண்சுவடியில் பாடமாக்கினார்கள். முந்திரி என்ற பெயர் பெரிதாகக் கேட்டாலும் அளவு மிகச் சிறியது. 1/12 இல் உள்ள பன்னிரண்டைப் பார்த்து ஏமாந்ததும் அதே மாதிரித்தான்.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் ஒருவர் எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். மகளைக் கூட்டிக்கொண்டு போன நான் கதவடியில் இருந்து கேட்டேன். மூன்றாம் நாள் அவர், "அதில இருந்து கழுத்து நோகாமல் உள்ளுக்கு வா பிள்ளை" என்றார். பிறகு என்னைப்போல இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒருவர் நண்டுக் கொம்பனிக்கு நண்டு நிறுத்துக் கொடுப்பவர். ஒருவர் என்னிலும் மூத்தவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பிள்ளைகளுக்குப் பின்னால் உள்ள வாங்கில் நாங்கள் இருப்போம்.

ரீச்சர் எங்களுக்குத் தந்த முதல் கருவி ஒரு அடிமட்டம். பன்னிரண்டு அங்குல மர அடிமட்டம். "இது முழுசு. இதில பாதி எத்தனை அங்குலம்? மூன்றில ஒண்டு எத்தனை?" பாதி ஆறு. மூன்றில் ஒன்று நாலு. "அப்ப ரெண்டையும் கூட்டு." பத்து அங்குலம். "பத்து எண்டால் முழுசில எத்தனை பங்கு?" பன்னிரண்டில் பத்து. இரண்டாகச் சுருக்கினால் ஆறில் ஐந்து. 1/2 + 1/3 = 5/6. ஐந்தில் இரண்டு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தலையிடியோ என்று கேட்டார்.

கீழே உள்ள எண்ணைப் பகுதியெண் என்பார்கள். முழுவதையும் எத்தனை சம துண்டாக வெட்டியிருக்கிறோம் என்று அது சொல்லும். மேலே உள்ளது தொகுதியெண். அப்படி வெட்டியதில் எத்தனை துண்டு எங்களிடம் இருக்கிறது என்று அது சொல்லும். துண்டுகள் வேறு வேறு அளவில் இருந்தால் கூட்ட முடியாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக்க வேண்டும். பாதியை ஆறில் மூன்றாக்கலாம், மூன்றில் ஒன்றை ஆறில் இரண்டாக்கலாம். பிறகு மூன்றும் இரண்டும் ஐந்து. பொ.ம.சி. என்று பிள்ளைகள் பாடமாக்குவது அந்த ஒரே அளவைத் தேடுகிற வழிதான். அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் ஒரு கிழமையில் பிடிபடும். எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அடுத்தது நூற்றுவீதம். அதைப் படிக்க எனக்கு ஒரு அவசரம் இருந்தது. அந்த வருடம் நான் ஒரு கடன் கொம்பனியில் நாற்பதாயிரம் ரூபா எடுத்திருந்தேன். கிழமைக்கு ஆயிரம் ரூபா, ஐம்பத்திரண்டு கிழமை. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டரைதான் என்று சொன்னார்கள். இரண்டரை என்றால் சின்னத் தொகை என்று நினைத்தேன். கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, கட்டப்போவது 52,000. எடுத்தது 40,000. வித்தியாசம் 12,000. அது 40,000 இல் நூற்றுக்கு முப்பது. சரி, இரண்டரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் முப்பது. இதில் பொய் இல்லை.

ரீச்சர் விடவில்லை. "கையில எவ்வளவு தந்தவை?" பத்திரச் செலவு, காப்புறுதி என்று 2,000 கழித்து 38,000 தந்தார்கள். "அந்த 38,000 வருசம் முழுக்க உன்னட்ட இருந்ததோ?" அதைத்தான் நான் யோசிக்கவில்லை. கிழமைக்குக் கிழமை கட்டிக்கொண்டு வருகிறேன். இருபத்தாறாம் கிழமையில் பாதிக் கடன் போய்விட்டது. ஆனால் வட்டி மட்டும் முழு நாற்பதாயிரத்துக்கும் போகிறது. வருடம் முழுவதும் சராசரியாக என் கையில் இருந்த அவர்களின் காசு ஏறத்தாழ 19,000 தான். அதற்கு நான் கொடுப்பது 12,000 உம் 2,000 உம் சேர்த்து 14,000. பத்தொன்பதுக்குப் பதினான்கு என்றால் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். இது மேலோட்டமான கணக்கு, சரியாகப் பார்த்தால் சற்றுக் கூடக் குறைய வரலாம் என்று ரீச்சர் சொன்னார். ஆனாலும் முப்பது இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்று பிறகு தெரிந்தது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் தொடர்பான நிபுணர் நுண்கடன்களின் உண்மையான வருட வட்டி நூற்றுக்கு 40 இலிருந்து 220 வரை இருப்பதாகச் சொன்னார். அதே வருடம் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதற்குள் நான் என் கடனைக் கட்டி முடித்துவிட்டேன்.

இரண்டாவது கடன் தர 2017 இல் வந்தார்கள். அப்போது நாங்கள் வாங்கில் அட்சரகணிதம் தொடங்கியிருந்தோம். தெரியாத எண்ணுக்கு ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு அதைத் தேடுவது. புத்தகம் அதைத் தெரியாக்கணியம் என்கிறது. நண்டுக்கார அக்காதான் அதைக் கேட்டுவிட்டு, "எங்கட வாழ்க்கையில முழுக்கத் தெரியாக்கணியம்தானே" என்றார். ரீச்சருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஒரு உடுப்புத் தைத்தால் எனக்கு 250 ரூபா மிஞ்சும். கிழமைக்கு எத்தனை உடுப்பு என்பதுதான் தெரியாது, அதற்கு x. கடனுக்கு 1,000 போக வீட்டுக்கு 2,500 வேண்டும்.

250x − 1,000 = 2,500.

இரண்டு பக்கமும் ஆயிரத்தைக் கூட்டினால் 250x = 3,500. இரண்டு பக்கமும் 250 ஆல் வகுத்தால் x = 14. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரிப் போட்டு, ஒரே மாதிரி எடுத்தால் தராசு சரியாது என்பதுதான் இந்தக் கணக்கின் முழு இரகசியமும். என்னால் கிழமைக்குத் தைக்க முடிந்தது பத்து. பத்துத் தைத்தால் கடன் போக மிச்சம் 1,500. வந்தவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார். கொப்பியைக் காட்டினேன். அவரும் ஒரு சம்பளத்துக்கு ஓடுகிற பொடியன்தான். பார்த்துவிட்டுப் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

திசைகொண்ட எண்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே போகிற எண்கள். பிள்ளைகள் அதில்தான் கஷ்டப்படுவார்கள். கடன் எடுத்தவர்களுக்கு அது ஒரே நாளில் விளங்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். இல்லை என்று ரீச்சர் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல் வந்ததாம். உடைந்ததை மறுபடி பொருத்துவது என்று அதற்குக் கருத்தாம். எங்கள் பக்கத்திலும் வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே தமிழில் வீசகணிதம் என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தமிழில் இருந்த பாடம் என் கைக்கு வர இவ்வளவு காலம் சென்றிருக்கிறது. அல்-குவாரிஸ்மியின் புத்தகத்தில் பெரிய ஒரு பகுதி, இறந்தவரின் சொத்தை உரித்தாளர்களுக்குப் பங்கு பிரிக்கிற கணக்குகள்தான் என்றும் ரீச்சர் சொன்னார். அது என் காதில் விழுந்தது, அப்போது மனதில் நிற்கவில்லை.

2023 இல் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடதாசியோடு வந்தார். அம்மம்மாவின் காணி பன்னிரண்டு பரப்பு. அதில் அரைவாசி அம்மம்மாவுக்கு, அரைவாசி அவரின் தம்பிக்கு. இரண்டு தலைமுறையாகப் பிரிக்காமல் கிடந்தது. தம்பி வழியில் வந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து, பங்கு பிரித்து உறுதி எழுதுவோம் என்று எல்லாம் தயார் செய்திருந்தார். நில அளவைப் படமும் இருந்தது. நான் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும். கனடாவிலிருந்து தம்பியும் தன் அலுவலைப் பார்க்க என் பெயரில் தத்துவம் எழுதி அனுப்பியிருந்தான்.

"உனக்குப் பன்னிரண்டில ஒரு பங்கு தங்கச்சி. முழுசாய் ஒரு பரப்பு. நல்லதுதானே" என்றார் அண்ணா.

2016 க்கு முன்பென்றால் நான் சந்தோசமாகக் கையெழுத்து வைத்திருப்பேன். "எனக்கு ஒரு நாள் தாங்கோ அண்ணா" என்று கடதாசியை வாங்கி வைத்தேன்.

இரவு மகளின் அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டு பரப்பு. கடதாசியில் இருந்தது இப்படி: பெரியம்மா வழிக்கு 1/6. எனக்கு 1/12. தம்பிக்கு 1/12. மிகுதி மற்ற வழிக்கு. மிகுதி என்ற இடத்தில் எண் இல்லை. இருபது பக்க எழுத்துக்குள் அந்த ஒரு சொல்லை யார் கவனிக்கப் போகிறார்கள்?

எண் இல்லாத இடத்தில் x வைத்தேன்.

1/6 + 1/12 + 1/12 + x = 1.

எல்லாவற்றையும் பன்னிரண்டில் எழுதினால், இரண்டும் ஒன்றும் ஒன்றும் நாலு. பன்னிரண்டில் நாலு, அதாவது மூன்றில் ஒன்று. அப்படியென்றால் x மூன்றில் இரண்டு. எட்டுப் பரப்பு. ஆனால் அம்மாவின் பெட்டியில் இருந்த பழைய உறுதியில் அந்த வழிக்கு எழுதியிருந்தது சரிபாதி. ஆறு பரப்பு.

மறுபடி போட்டேன். அவர்களுக்குரிய பாதி, எங்களுக்கு எழுதியிருக்கிற மூன்றில் ஒன்று. 1/2 + 1/3. ஆண்டு ஏழில் கரும்பலகையில் நான் பிழையாகச் சொன்ன அதே கணக்கு. விடை 5/6. அடிமட்டத்தில் பத்தாம் அங்குலத்தில் விரலை வைத்தேன். இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம் இருந்தது. ஆறில் ஒன்று. அது யாருடையது?

அம்மம்மாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். பெரியம்மா, அம்மா, சின்னம்மா. கடதாசியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆளை யாருமே கூட்டவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் கூட்டவில்லை. கணக்கில் இரண்டு அங்குலம் மிஞ்சாவிட்டால் எனக்கும் சின்னம்மாவின் நினைவு வந்திராது. என்னைத் தூக்கி வளர்த்தவர். அவருடைய சேலையைக் கிழித்துத்தான் தம்பிக்கு ஏணை கட்டினோம்.

அடுத்த நாள் அம்மாவின் அடையாள அட்டை வைத்த உறையைத் திறந்தேன். இறப்புச் சான்றிதழ் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. பழைய உறுதியையும் அதையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனைக்குக் காசு எடுப்பதில்லை. போகத் தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். தாய்வழி முதுசத்தில் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றும், தாய் தகப்பனும் இல்லாமல், பிள்ளைகளும் இல்லாமல் இறந்த சின்னம்மாவின் பங்கு உடன்பிறந்த இரண்டு பேருக்கும் சமமாகப் போகும் என்றும் அங்கே இருந்த சட்டத்தரணி விளக்கினார். கணவனை இழந்தவர்கள் இன்னொன்றையும் அறிந்து வைத்திருங்கள். தேசவழமையில் கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டத்தில் அரைவாசி, ஒருவர் இறந்தால், உயிரோடு இருக்கும் மற்றவருக்குத்தான். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் அது இருக்கிறது.

மிச்சக் கணக்கைப் பஸ்சுக்குள்ளேயே போட்டு முடித்தேன். சின்னம்மாவின் 1/6 ஐ இரண்டாக்கினால் 1/12. அம்மாவின் 1/6 உடன் அதைக் கூட்டினால் பன்னிரண்டில் மூன்று, அதாவது கால். அந்தக் காலை எனக்கும் தம்பிக்கும் இரண்டாக்கினால் எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று பன்னிரண்டில் ஒன்றிலும் பெரிது. பன்னிரண்டு பரப்பில் எட்டில் ஒன்று ஒன்றரைப் பரப்பு. வரகுப் பரப்புக்குப் பதினெட்டுக் குழி. ஆகவே ஒரு பரப்பு ஒன்பது குழி.

ஒன்பது குழி பெரிய காணியா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் தோண்டிய இடமெல்லாம் நல்ல தண்ணீர் வராது. அந்த நில அளவைப் படத்தில் எங்கள் துண்டுக்கும் மிகுதிக்கும் நடுவில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு இருந்தது. அம்மம்மா காலத்துக் கிணறு. கோடைக்கும் வற்றாதது. அந்தக் கோடு ஒன்பது குழி தள்ளினால் கிணறு இந்தப் பக்கம்.

அண்ணா வந்தபோது அடிமட்டத்தைக் காட்டித்தான் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "நொத்தாரிசு பார்த்துத்தானே எழுதினவர். நீ ஆண்டு ஏழு படிச்சனி" என்றார். நான் வாதாடவில்லை. "எல்லாருடைய பங்கையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும் அண்ணா. அவையள்ற பாதியோட எங்களுக்கு எழுதினதைக் கூட்டிப் பாருங்கோ" என்று பேனையைக் கொடுத்தேன். கூட்டினார். திரும்பவும் கூட்டினார். பிறகுதான் அவருக்கே விளங்கியது, பெரியம்மா வழிக்கும் ஆறில் ஒன்று இல்லை, கால் என்று. இரண்டு பரப்பில்லை, மூன்று பரப்பு. அவரும் தன் பங்கில் ஒரு பரப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கத்தான் போயிருந்தார்.

அந்தக் கடதாசியை எழுதுவித்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்குத் தெரியாது. நேரில் கேட்டபோது, சின்னம்மா என்று ஒருவர் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார். இருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போகும்போது சிறுபிள்ளை. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது, கொஞ்சம் மனக்கசப்பும் வந்தது. புது நில அளவைப் படத்துக்கு என் பங்குச் செலவாக மெசினுக்கு வைத்திருந்த காசு போனது. கடைசியில் மிகுதி என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் எண் போட்டு உறுதி எழுதினார்கள். பங்கு வந்த வழியைச் சொல்லும் பந்தியில் சின்னம்மாவின் முழுப் பெயரும் வருகிறது. அந்த இடத்தை நானே வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்தபோது அண்ணா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய மனைவியின் காணியும் வேலணையில் பிரிபடாமல் கிடக்கிறதாம். ஐந்து சகோதரங்களாம், ஒருவர் 1987 இல் இறந்தவராம்.

"தங்கச்சி, நீ போட்ட அந்தக் கணக்கை ஒருக்கா ஒரு துண்டில எழுதித் தாறியே?"

உறுதிக்குப் போட்ட கடதாசி உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.